முழங்கால் ஆழக் கடல்



இன்று ஒரு கடலைப் பற்றியும், அதில் ஒரு பருவத்தைப் பற்றியும், அந்தப் பருவத்தில் கரையோரம் நடக்கும் ஒரு வேட்டையைப் பற்றியும் பேச விரும்புகிறேன். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் உள்ளே நீண்டு கிடக்கும் ப்யூஜெட் சவுண்ட் தான் அந்தக் கடல். பருவம், மார்ச்சும் ஏப்ரலும். மலையில் பனி கிடக்கும், மழை விட்டுவிட்டுப் பெய்யும், தண்ணீர் எட்டு டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். அந்தக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் தூண்டிலோடு நிற்பவர்கள் தேடுவது இரண்டு மீன்களை: கட்த்ரோட் என்னும் ட்ரௌட், கோஹோ என்னும் சால்மன். அந்தக் கரைகளில் பல வசந்தங்கள் நடந்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முதலில் மீன்களை அடையாளம் சொல்லிவிட வேண்டும். நம் சந்தையில் இந்தியன் சால்மன் என்று விற்கும் காலா மீனுக்கும் இந்தச் சால்மனுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் ட்ரௌட்டை நம்மில் சிலர் பார்த்திருக்கக்கூடும். நீலகிரியில் அவலாஞ்சி பக்கத்து ஓடைகளில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரௌட் இன்றும் இருக்கிறது. அதன் பூர்வீகம் நான் சொல்லும் பசிபிக் கரை. அங்கே அந்த மீனில் ஒரு பகுதி ஆற்றிலேயே தங்கிவிடும். இன்னொரு பகுதி கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பும். பசிபிக் ட்ரௌட்டுகள் ஐரோப்பிய ட்ரௌட்டின் உறவு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். எலும்பையும் மரபையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை பசிபிக் சால்மனின் உடன்பிறப்புகள் என்று தெரிந்தது. 1989இல் அவற்றைச் சால்மன் பேரினத்துக்கே மாற்றினார்கள். எனவே நாம் பேசப்போவது ஒரே குடும்பத்து மீன்களைப் பற்றி. அக்குடும்பத்தில் பெரியது சின்னதைத் தின்னும். அதுவும் இந்தக் கதையில் வரும்.

கட்த்ரோட்டின் கீழ்த்தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கத்தி கீறியதுபோல் செந்நிறக் கோடு இருக்கும். முதுகு ஆலிவ் பச்சை, உடம்பு முழுக்கக் கரும்புள்ளி. கடலுக்கு வந்து சில வாரம் ஆனால் வெள்ளி பூத்துப் புள்ளிகள் மங்கிவிடும். முப்பது, நாற்பது சென்டிமீட்டர் இருந்தால் நல்ல மீன். ஐம்பதைத் தொட்டால் நாள் முழுக்கப் பேசலாம்.

இனி இடத்தைச் சொல்கிறேன். ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் இன்றைய சியாட்டில் நகரத்தின்மேல் சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு நின்றது. அது உழுத பள்ளங்களில் கடல் புகுந்ததுதான் ப்யூஜெட் சவுண்ட். ஆழமான இடம் 280 மீட்டர் வரை போகும். வான்கூவர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் 1792இல் இங்கே வந்தபோது, தெற்குக் கிளைகளை ஆராய அனுப்பிய அதிகாரியின் பெயர் பீட்டர் ப்யூஜெட். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தெற்கே போகப்போக நீர் விரல் விரலாகப் பிரிந்து, ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரு சேற்றுவெளியும் ஒரு ஓடையுமாக முடிகிறது. மாநிலத் தலைநகர் ஒலிம்பியா அப்படி ஒரு நுனியில் இருக்கிறது.

நம் கடற்கரையில் ஏற்றமும் வற்றமும் பெரிய அளவில் தெரிவதில்லை. சென்னையில் ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின்தான். ப்யூஜெட் சவுண்டின் வாசலில் இருக்கும் போர்ட் டவுன்செண்டில் நாளொன்றின் உயர்ந்த ஏற்றத்துக்கும் தாழ்ந்த வற்றத்துக்கும் சராசரி வேறுபாடு 2.6 மீட்டர். சியாட்டிலில் அது 3.5 மீட்டர் ஆகிறது. கடைசியில் ஒலிம்பியாவில் 4.4 மீட்டர். வாசலைவிடக் கொல்லைப்புறத்தில் தண்ணீர் உயரமாக ஏறுவதற்குக் காரணம் அந்தப் பள்ளங்களின் நீளமும் வடிவமும். உள்ளே வரும் அலை முனையில் மோதித் திரும்பி, அடுத்து வருவதோடு சேர்ந்துகொள்கிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் சிப்பி பொறுக்கலாம்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் என்பது உண்மை. ஆனால் அவை சமமல்ல. ஒரு வற்றம் ஆழமாகப் போகும். அடுத்தது பாதியில் நின்று திரும்பிவிடும். சந்திரன் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ விலகி நிற்கும் நாட்களில் இந்த ஏற்றத்தாழ்வு கூடும். இன்னொரு செய்தியும் உண்டு: இந்தக் கரையில் ஆண்டின் மிகத் தாழ்ந்த வற்றங்கள் குளிர்காலத்தில் நள்ளிரவை ஒட்டியும் கோடையில் நண்பகலை ஒட்டியும் வருகின்றன. மார்ச் இந்த இரண்டுக்கும் இடையிலான மாற்றக் காலம். குளிர்காலம் முழுக்கப் பகலில் தண்ணீருக்கடியிலேயே கிடந்த கரைப்பகுதி இப்போதுதான் வெளிச்சத்தில் தலைகாட்டத் தொடங்கும். தூண்டில்காரருக்கு இது பெரிய வாய்ப்பு. மீன் எங்கே நிற்கும் என்று அறிய விரும்புகிறவர், தண்ணீர் இல்லாத நேரத்தில் அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும். எங்கே சிப்பிப் படுகை, எங்கே கடற்புல், எங்கே ஓடை வெட்டிய வாய்க்கால், எங்கே ஒற்றைப் பாறை என்று பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டால், தண்ணீர் ஏறிய பிறகும் அந்த வரைபடம் கண்ணுக்குள் இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் கோல் வாங்கச் சொல்வதற்கு முன்பே சொல்வது இதைத்தான்.

ஓத அட்டவணை எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. அதை வாசிப்பதில் ஒரு பிழை மிகப் பரவலாக இருப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். அட்டவணை சொல்வது நீரின் உயரம். மீனுக்கு வேண்டியது நீரின் ஓட்டம். ஏற்றத்தின் உச்சியிலும் வற்றத்தின் அடியிலும் உயரம் மாறுவது மிகக் குறைவு. இடைப்பட்ட நேரத்தில்தான் தண்ணீர் ஓடும். மாலுமிகள் பன்னிரண்டில் பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு மணி நேர வற்றம் என்றால் முதல் மணியில் மொத்த இறக்கத்தில் 12இல் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றிலும் நான்கிலும் 3, பிறகு 2, கடைசியில் 1. ஆகவே நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் போய்விடுகிறது. ப்யூஜெட் சவுண்டின் சமமற்ற ஓதத்துக்கு இது தோராயந்தான். ஆனாலும் எந்த நேரத்தில் கரையில் இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல வழிகாட்டி. குறுகிய நீரிணைகளில் இந்தக் கணக்கும் தவறும். டகோமா நீரிணையை நினைத்துப் பாருங்கள். 1940இல் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்த பாலத்தின் படத்தைப் பொறியியல் படித்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பாலம் நின்ற இடம் அதுதான். தெற்கு ப்யூஜெட் சவுண்டின் தண்ணீர் முழுவதும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டும். மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் நீர் பாயும். அத்தகைய இடங்களுக்கு நீரோட்ட அட்டவணை என்று தனியாக ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் அங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது.

இனி இந்தப் பேச்சின் உயிர்ப்பகுதிக்கு வருகிறேன். வசந்தத்தின் தொடக்கத்தில் கரையோரம் ஏன் மீன் வருகிறது?

விடை, நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குஞ்சு. சம் சால்மன் என்று ஒரு மீன் உண்டு. மற்றச் சால்மன்களைப்போல் விலைமதிப்போ புகழோ இல்லாத மீன். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சிற்றோடைகளில் ஏறிக் கூழாங்கல்லைக் கிளறி முட்டையிட்டுச் செத்துப்போகும். ஒரு பெண் மீன் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் முட்டை வரை இடும். ஒலிம்பியாவுக்கு அருகில் கென்னடி ஓடை என்று இருக்கிறது. நவம்பரில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்து காட்டுவார்கள். முழங்கால் ஆழமில்லாத தண்ணீரில் முதுகு வெளியே தெரிய, நாலைந்து கிலோ மீன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறும். குளிர்காலம் முழுக்க முட்டை கல்லுக்கடியில் கிடக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து குஞ்சுகள் மேலே வரும்.

கோஹோ குஞ்சு ஓராண்டுக்கு மேல் ஓடையில் தங்கி வளர்ந்த பிறகே கடலுக்குப் போகும். சம் குஞ்சு காத்திருப்பதில்லை. கல்லிடுக்கிலிருந்து வெளிப்பட்டதும் இரவோடிரவாக ஓடையின் ஓட்டத்தில் இறங்கிக் கடலுக்கு வந்துவிடும். நகம் முளைக்காத பிள்ளை சந்தைக்கு வந்ததுபோல் அது உப்புநீருக்கு வருகிறது. நன்னீரில் வாழும் மீனின் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு நீரை வெளியேற்ற வேண்டும். கடலில் அப்படியே தலைகீழ், நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியாக வெளியேற்ற வேண்டும். கோஹோ போன்ற சால்மன்கள் மாதக்கணக்கில் தயாராகிச் செய்யும் இந்த மாற்றத்தை இந்தக் குஞ்சு பிறந்த சூட்டோடு செய்துமுடிக்கிறது.

கடலுக்கு வந்ததும் அது ஆழத்துக்குப் போவதில்லை. கரையை ஒட்டி, பல நேரம் ஒரு சாண் தண்ணீரில், கூட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஆழத்தில் தன்னைத் தின்னும் மீன் உண்டு. கரையோரத்தில், கடற்புல்லிலும் அழுகும் இலைதழைகளிலும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு ஓட்டுயிரிகள் இருக்கின்றன. அவைதாம் அதன் உணவு. 47ஆம் அட்சரேகையில் மார்ச் மாதத்தில் பகல் நாளொன்றுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. அந்த வெளிச்சத்தில் பாசி பெருக, பாசியால் ஓட்டுயிரி பெருகும். குஞ்சு வந்து சேரும் நேரமும் அதுவே. ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்ந்த பிறகே அது மெல்ல ஆழம் நாடும். ப்யூஜெட் சவுண்டில் இளஞ்சிவப்புச் சால்மன் பெரும்பாலும் ஒற்றைப்படை ஆண்டுகளின் இலையுதிர் காலத்தில்தான் முட்டையிடும். ஆகையால் இரட்டைப்படை ஆண்டு வசந்தங்களில் அதன் குஞ்சுகளும் சேர்ந்துகொண்டு கரை நிறைந்துவிடும். 

இப்போது கட்த்ரோட்டைப் பாருங்கள். மற்றச் சால்மன்போல் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகாது. ஹூட் கால்வாய் என்ற கிளைக்கடலில் ஒலிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், அது பிறந்த ஓடையின் பக்கத்திலேயே, கரையை ஒட்டியே வாழ்வதைக் கண்டார்கள். முட்டையிட்டதும் சாவதும் இல்லை. மறுபடி கடலுக்கு வந்து, உடம்பு தேற்றி, அடுத்த ஆண்டும் ஓடை ஏறும். அது முட்டையிடும் காலம் குளிர்காலக் கடைசியும் வசந்தத்தின் முதல் பாதியும். முட்டையிட்டு இளைத்து, தலை பெருத்து வயிறு ஒட்டிக் கடலுக்கு இறங்கும் அதே வாரங்களில்தான் சம் குஞ்சும் இறங்குகிறது. சென்ற இலையுதிர் காலத்தில் இதே கட்த்ரோட் சம் மீனின் பின்னால் ஓடைக்குப் போய், கல்லில் பதியாமல் உருண்டுபோன முட்டைகளைத் தின்றது. இப்போது எஞ்சிய முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளைத் தின்கிறது. புகழில்லாத ஒரு மீன், புகழுள்ள இன்னொரு மீனை ஆண்டுக்கு இருமுறை ஊட்டி வளர்க்கிறது. கட்த்ரோட்டை விரும்புகிற எவரும் சம் சால்மனைக் காப்பாற்றப் பேச வேண்டும். அங்கே தூண்டில்காரர்கள் கூடும் இடத்தில் நான் விடாமல் சொல்வது இது.

கோஹோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான கோஹோக்கள் வெளிக்கடலுக்குப் போய்விடும். சில மட்டும் ப்யூஜெட் சவுண்டுக்குள்ளேயே தங்கிவிடும். தெற்கே பீல் கால்வாயில் ஸ்குவாக்சின் தீவுப் பழங்குடியினரும் மாநில மீன்வளத் துறையும் சேர்ந்து வலைக்கூண்டுகளில் வளர்த்து விடும் கோஹோக்களில் பல இப்படித் தங்கிவிடும். மார்ச்சில் அவை முப்பது சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். கூட்டமாக, நீரோட்டம் வளையும் முனைகளில், மேல்மட்டத்தில் மிதக்கும் சிறு இறால் போன்ற உயிரிகளைத் தின்றுகொண்டே திரியும். இப்போது இங்கே, கால் மணி கழித்து அரை மைல் தள்ளி. அவற்றைத் தேடிப் போகிறவருக்குக் கால் வலிக்கும். கட்த்ரோட் அப்படி அல்ல. இடத்தை அறிந்துகொண்டவருக்கு அடுத்த ஆண்டும் அதே பாறைக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

ஏற்றத்தில் பிடிக்க வேண்டுமா, வற்றத்தில் பிடிக்க வேண்டுமா என்பது அங்கே முடிவில்லாத வழக்கு. என் தீர்ப்பு இது: நீர் ஓட வேண்டும், அவ்வளவுதான், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை அந்தந்தக் கரை சொல்லும். ஓடை விழும் இடத்தில் வற்றத்தின் முதல் இரண்டு மணி நேரம் நல்லது. குஞ்சைத் தாங்கிய தண்ணீர் வெளியேறும்போது ட்ரௌட் வாய்க்காலின் ஓரத்தில் காத்து நிற்கும். சிப்பிப் படுகையும் மட்டிக் கல்லும் நிறைந்த சரிவில் ஏற்றமே நல்லது. காலையில் வெயில் காய்ந்த கல்மேல் தண்ணீர் படரப் படர, அதன் முன்வரிசையிலேயே மீனும் ஏறிவரும். மணல்முனைகளில் இரண்டுமே பலிக்கும். ஓட்டம் முனையைச் சுற்றி வளைந்து, வேக நீருக்கும் தேங்கிய நீருக்கும் நடுவே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் தேங்கிய பக்கத்தில் மீன் இருக்கும். ஓட்டம் திசை மாறும்போது மீன் முனையின் மறுபக்கம் போய்விடும். நாமும் நடக்க வேண்டியதுதான்.

புதியவர்கள் செய்யும் முதல் காரியம், கரைக்கு வந்ததும் விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கிவிடுவது. அவர்கள் தேடிவந்த மீன் முழங்கால் ஆழத்தில் நின்றிருக்கும்; இவர்கள் இறங்கிய சத்தத்தில் ஓடியிருக்கும். கரையில் நின்று பார்ப்பதுதான் முதல் வேலை. குஞ்சுக் கூட்டம் நகர்ந்தால் நீரின் மேல்தோல் லேசாக நடுங்கும். ட்ரௌட் பாய்ந்தால் குஞ்சுகள் கொத்தாக வெளியே துள்ளும். மீன்கொத்தி ஒரே மரத்தில் உட்கார்ந்திருந்தால் அதற்குக் கீழே குஞ்சு உண்டு. எதுவும் தெரியாவிட்டால் உலர்ந்த நிலத்தில் நின்றபடியே, கரைக்கு இணையாக முதல் சில வீச்சுகளை வீசுங்கள். அதற்குப் பிறகே கணுக்கால் நனையலாம்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ஃப்ளை என்று சொல்லும், இறகும் மயிரும் நூலும் வைத்துக் கட்டிய பொய் இரையால் பிடிப்பவர்கள் ஆறாம் எண் கோலை எடுப்பார்கள். சுழல்தூண்டிலில் சிறு உலோக இரை வைத்தும் பிடிக்கலாம். பொய் இரை சம் குஞ்சின் அளவில், ஆலிவ் முதுகும் வெள்ளி வயிறும் பெரிய கண்ணுமாக இருந்தால் போதும். கண் முக்கியம், குஞ்சில் முதலில் தெரிவது அதுதான். கனடாவில் வான்கூவர் தீவின் கேம்ப்பெல் ஆற்றங்கரையில் நீதிபதியாக இருந்து எழுத்தாளராகவும் புகழ்பெற்ற ராடரிக் ஹெய்க்-ப்ரௌன் கழிமுகக் கட்த்ரோட்டுக்காகவே பொய் இரைகளைக் கட்டினார். அந்த மீனை உலகம் மதிக்கத் தொடங்கியதில் அவருடைய எழுத்துக்குப் பங்கு உண்டு.

நான் இதுவரை சொன்ன ஓத அறிவில் பெரும்பகுதி அந்தக் கரையின் பழங்குடிகளுக்குப் பல தலைமுறைகளாகத் தெரிந்தது. ஒலிம்பியாவுக்கு அருகே மட் பே என்ற சேற்றுக் குடாவில், 1999 முதல் ஸ்குவாக்சின் தீவுப் பழங்குடியினரும் உள்ளூர்க் கல்லூரியும் சேர்ந்து அகழாய்வு செய்தார்கள். ஓதம் ஏறி இறங்கும் சேற்றுக்குள் காற்றுப் புகாமல் கிடந்ததால் தேவதாரு மரப்பட்டை நாரில் முடிந்த மீன்வலை ஒன்று மக்காமல் கிடைத்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பு பின்னிய வலை. 1854 டிசம்பரில் மெடிசின் க்ரீக் ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை இந்த மக்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அந்த உரிமையை மாநிலம் மறுத்தது. நிஸ்குவாலி ஆற்றில் வலை போட்டதற்காக பில்லி ஃப்ராங்க் ஜூனியர் என்ற பழங்குடி மீனவர் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். முதல் கைதின்போது அவருக்கு வயது 14. 1974 பிப்ரவரி 12ஆம் நாள் கூட்டாட்சி நீதிபதி ஜார்ஜ் போல்ட், ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு அறுவடை செய்யத்தக்க மீனில் பாதிப் பங்கு உண்டு என்றும், மீன்வளத்தை மாநிலத்தோடு சேர்ந்து நிர்வகிக்கும் உரிமை உண்டு என்றும் தீர்ப்பளித்தார். பழங்குடிகள் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள் என்று முணுமுணுக்கும் தூண்டில்காரர்களை இன்றும் கேட்கலாம். அவர்கள் மறப்பது, ஓடைகளைச் சீர்செய்வதிலும் கழிமுகங்களை மீட்பதிலும் முன்னால் நிற்பது அதே பழங்குடிகள் என்பதை. 2009இல் நிஸ்குவாலி முகத்துவாரத்தில் நூறாண்டுப் பழைய கரைகளை உடைத்து 762 ஏக்கர் நிலத்தைக் கடலோதத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பண்ணை நிலமாக இருந்த இடத்தில் இப்போது குஞ்சுகள் மேய்கின்றன.

எனக்கு மிகுந்த கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. ப்யூஜெட் சவுண்டின் கரை நீளத்தில் கால்பங்குக்கு மேல் கல்லாலும் காங்கிரீட்டாலும் சுவர் எழுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் தன் தோட்டம் சரியாமல் இருக்கக் கட்டிய சுவர் அது. ஆனால் அந்தக் கரைக்கு மணலும் கூழாங்கல்லும் கொடுத்துவந்தவை பின்னால் நிற்கும் மண்மேடுகள். சுவர் அவற்றை மூடியதும், அலை மணலை எடுத்துப்போகிறது. ஈடுசெய்ய எதுவும் வருவதில்லை. கரை தாழ்ந்து, பெருங்கல் மட்டும் மிஞ்சுகிறது. ஸர்ஃப் ஸ்மெல்ட், சாண்ட் லான்ஸ் என்ற இரண்டு சிறுமீன்கள் முட்டையிடுவது ஏற்றக்கோட்டை ஒட்டிய பொடிக்கல்லிலும் மணலிலும்தான். சுவர் நிற்பதும் அதே இடத்தில். மேலே நிழல் தந்த மரங்களையும் வெட்டிவிட்டால் கோடை வெயிலில் ஸ்மெல்ட் முட்டை வெந்துபோகும். சால்மனும் ட்ரௌட்டும் கடற்பறவையும் தின்று வாழ்வது இந்தச் சிறுமீன்களை. சம் குஞ்சுக்கும் சுவர் கேடுதான். ஒரு சாண் தண்ணீர் என்பது சுவரின் அடியில் கிடையாது. ஏற்றத்தின்போது நேரே ஆளுயரத் தண்ணீர். ஒளிந்து நகர இடமின்றிக் குஞ்சு பெரிய மீன்களின் வாய்க்கு நேரே போக வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. சியாட்டிலின் பழைய துறைமுகச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டி 2017இல் முடித்தார்கள். படகுத்துறை மேடைகளின் இருட்டு நிழலுக்குள் சால்மன் குஞ்சுகள் நுழையத் தயங்கி, சுற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போவதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருந்தார்கள். எனவே புதிய சுவரின் மேல் அமைந்த நடைபாதையில் கண்ணாடிக் கட்டைகளைப் பதித்தார்கள். நடப்பவர் காலடியில் இறங்கும் வெளிச்சம் கீழே தண்ணீரில் ஒரு பாதையைக் காட்டுகிறது. சுவரின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, அடியில் கல் நிரப்பி ஆழத்தையும் குறைத்தார்கள். ஒரு மாநகரம் தன் நடைபாதையை நான்கு சென்டிமீட்டர் குஞ்சுக்காக வடிவமைத்தது. அந்த நடைபாதையில் நின்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் மாநகரம் செய்ததைத் தனி வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டுமே! சுவர் எழுந்த அந்தக் கால்பங்குக் கரையில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. சுவரை எடுத்துவிட்டு, மரத்தண்டுகளையும் சரளையையும் போட்டுச் சரிவாக்கும் முறைகள் வந்துவிட்டன. புயல் அலை மோதாத பல கரைகளில் அவை போதும்.

உங்களில் பலருக்குச் சியாட்டிலிலும் பெல்வியூவிலும் ரெட்மண்டிலும் மகனோ மகளோ உறவினரோ இருப்பார்கள். நீங்களும் போய்த் தங்குவீர்கள். ஆகவே சில வேண்டுகோள்களை நேராகவே வைக்கிறேன். 15 வயது நிறைந்த எவரும் அங்கே மீன்பிடி உரிமம் இல்லாமல் தூண்டில் வீசக் கூடாது. எந்தக் கடற்பகுதியில் எந்த மாதம் எந்த மீனை எடுக்கலாம் என்ற விதி ஆண்டுதோறும் மாறும். புறப்படும் நாளிலேயே பாருங்கள். சால்மனுக்கும் ட்ரௌட்டுக்கும் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள்தான் போட வேண்டும். கட்த்ரோட்டை உப்புநீரில் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். விடும்போது மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காதீர்கள். படம் எடுக்க வேண்டும் என்று கல்லில் கிடத்தாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, முள்ளைத் திருகிவிட்டால் அது தானே போய்விடும். முட்டையிட்டு இளைத்து வந்த மீனுக்கு அந்த அரை நிமிடம் பெரிது.

தனியாகப் போனால் மணல்முனையின் நுனிக்குப் போகுமுன் திரும்பி வரும் வழியைப் பாருங்கள். பின்னால் ஏறும் ஓதம் சத்தம் போடாது. குடாவின் உச்சியில் சேற்றில் கால் வைக்காதீர்கள். ஏற்றக்கோட்டை ஒட்டிய பொடிக்கல்லில் குழந்தைகள் வாளி வாளியாகத் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் முட்டை இருக்கலாம். அங்கே கடலோரத்தில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: சுவர் கட்ட ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன் மாவட்டத்தின் மண்வள அலுவலகத்தை அழையுங்கள், ஏற்கெனவே சுவர் இருந்தால் அதை எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.